ஹில்லேலின் விதிகளை வைத்து ஒரு வேதக் கேள்விக்கு விடை காண்பது எப்படி?

பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு வந்த யூத அறிஞர் ஹில்லேல், ஏரோது மன்னன் காலத்தவர். யூதர்களின் வேதத்துக்கு (பைபிளின் பழைய ஏற்பாட்டுக்கு) பொருள் காண ஏழு விதிகள் அவர் பெயரில் வழங்குகின்றன. ஏழையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், முதலில் இரண்டைப் பழகலாம். அந்த வேதத்தின் நான்காம் புத்தகமான எண்ணாகமத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே அடைப்புக்குறிக்குள் வரும் எண்கள் அதன் அதிகாரமும் வசனமும்.

1. வேதத்தில் நேரடி விடை இல்லாத ஒரு கேள்வியை எழுதுங்கள். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத் சொல்லும் கதையில் கேள்வி இது: பஸ்கா பண்டிகை ஆட்டை அறுக்க வேண்டிய நிசான் மாதம் 14-ஆம் தேதி, வேலை செய்யக் கூடாத ஓய்வுநாளில் வந்துவிட்டது. அறுக்கலாமா? பொறுப்பிலிருந்த பெத்தேரா குடும்பத்தாருக்கே மறந்துபோய், ஹில்லேலைக் கூப்பிட்டார்கள்.

2. விடை தெரிந்த சட்டம் ஒன்றைப் பிடியுங்கள். இங்கே அது அன்றாடப் பலி. ஓய்வுநாளிலும் அது நிற்காது (28:10).

3. இரண்டு இடத்திலும் ஒரே சொல் வருகிறதா பாருங்கள். பஸ்காவுக்கும் (9:2) அன்றாடப் பலிக்கும் (28:2) "குறித்த காலத்தில்" என்றே வருகிறது. அப்படியானால் அதற்கான சட்டம் இதற்கும் பொருந்தும். இந்த விதிக்குப் பெயர் கெசெரா ஷவா.

4. அப்புறம் எடை போடுங்கள். அன்றாடப் பலி தவறினால் பெரிய தண்டனை இல்லை. பஸ்காவை விட்டவனோ ஜனத்திலிருந்து அறுப்புண்டுபோவான் (9:13). லேசானதற்கே ஓய்வுநாள் வழிவிடுகிறது என்றால், கனமானதற்குக் கேட்கவா வேண்டும்? இது கல் வஹோமெர். எது லேசு, எது கனம் என்பதை நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. வசனத்திலிருந்தே காட்ட வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

5. அளவு மீறாதீர்கள். மோசேயைக் குறைசொல்லிக் கடவுளின் கோபத்துக்கு ஆளான அவர் அக்கா மிரியாமின் கதையைப் பாருங்கள் (12:14). தகப்பன் முகத்தில் துப்பினாலே ஏழு நாள் வெட்கம். கடவுளே கோபித்தால் 14 நாளாவது இருக்க வேண்டாமா? ஆனால் அவள் பாளயத்துக்கு வெளியே இருந்தது ஏழே நாள். மூலத்தில் உள்ள அளவு போதும் என்ற இந்தக் கட்டுப்பாட்டை 'தய்யோ' என்பார்கள்.

6. ஆசிரியர் வழி வந்ததா என்று பாருங்கள். தல்மூத்தின் இரு தொகுப்புகளில் ஒன்றான எருசலேம் தல்மூத்தின்படி, ஹில்லேல் நாள் முழுக்க வாதாடியும் எதிராளிகள் மசியவில்லை. தன் ஆசிரியர்கள் ஷெமாயா, அப்தலியோன் இருவரிடமும் கேட்டது என்று அவர் சொன்ன பிறகுதான் ஏற்றார்கள். கல் வஹோமெரை யாரும் சொந்தமாகச் செய்யலாம், கெசெரா ஷவாவைச் செய்யக் கூடாது என்பது பின்னாளில் நிலைத்த வழக்கம். நியாயமான எச்சரிக்கைதான், ஒரே சொல்லைக் காட்டி எதை வேண்டுமானாலும் எதோடும் முடிச்சுப் போட்டுவிடலாமே!

சரி, ஒரு பயிற்சி. ஏழாவது விதி, சூழலை வைத்துப் பொருள் காண்பது. பத்துக் கட்டளைகளில் "களவு செய்யாதே" என்பதற்கு முன்னால் என்ன இருக்கிறது? கொலை, விபசாரம். இரண்டும் மரண தண்டனைக்குரியவை. ஆகவே இந்தக் களவும் அந்த ரகம்தான், அதாவது ஆளைக் கடத்துவது என்று ரபிகள் (யூத வேத ஆசிரியர்கள்) வாசித்தார்கள். சாதாரணப் பொருள் திருட்டுக்கான தடையை லேவியராகமம் 19:11-இலிருந்து எடுத்தார்கள்.