ஸ்மெதனாவின் 'வல்தாவா'வை எப்படிக் கேட்பது?

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையில் உணர்ச்சியை முன்னிறுத்தும் ரொமான்டிக் போக்கும் தேசிய உணர்வும் எப்படிக் கலந்தன என்று புரிய வேண்டுமா? செக் இசையமைப்பாளர் பெட்ரிக் ஸ்மெதனா, வல்தாவா ஆற்றைப் பற்றி ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய 'வல்தாவா'விலிருந்து தொடங்குங்கள், சுமார் 12 நிமிடம்தான். செக் மக்கள் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஆட்சியில் இருந்த காலம் அது. 1874இல் செவித்திறனை முழுவதும் இழந்த சில வாரங்களிலேயே, தன் மண்ணின் ஆற்றை அவர் இசையாக எழுதினார்.

ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள், தொடக்கம் அவ்வளவு மெல்லியது. ஒரு புல்லாங்குழல் சுழித்து ஓடும், இன்னொன்று வந்து சேரும். அவைதான் ஆற்றின் இரண்டு ஊற்றுகள். அப்புறம் கிளாரினெட்டுகள் கலந்து, நீர் பெருகி, வயலின்கள் அந்தப் பெரிய மெட்டை எடுக்கும். அது வாயில் முணுமுணுக்க வரும்வரை அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கேளுங்கள், மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

வேட்டைக் கொம்புகள் வந்து போகும். அடுத்து கரையோரக் கல்யாணம், அதில் போல்கா. செக் கிராமத்து ஆட்டத்தை அப்படியே பெரிய ஆர்கெஸ்ட்ராவில் உட்காரவைத்ததைக் கவனியுங்கள், தேசியம் இங்கேதான் காதில் விழுகிறது. நிலவொளியில் நீர்த்தேவதைகள், பிறகு பாறைகளில் மோதும் வெள்ளம். அதைத் தாண்டியதும் அந்தப் பெரிய மெட்டு, சோகச் சாயலுள்ள மைனர் சுரவரிசையிலிருந்து பிரகாசமான மேஜருக்கு மாறும். எனக்கு உயிரே இந்த இடம்தான்.

ஆறு பிராக் நகரின் விஷெஹ்ராட் கோட்டையைக் கடக்கையில் வேறொரு மெட்டு கம்பீரமாக எழும். 'வல்தாவா' இடம்பெறும், ஆறு பகுதிகள் கொண்ட தொகுப்பின் முதல் பகுதியில் ஹார்ப் என்ற நரம்பு வாத்தியம் வாசித்துத் தொடங்குவது அந்த மெட்டைத்தான். சரி, அடுத்து அந்த முதல் பகுதியைக் கேளுங்கள்.