டயானா வின் ஜோன்ஸ்: எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

டயானா வின் ஜோன்ஸ் (1934–2011) ஆங்கிலத்தில் எழுதிய மாயக் கதைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள் சறுக்குவது முதல் புத்தகத்தில்தான். வெளிவந்த வருட வரிசை இங்கே உதவாது. பிள்ளையின் ஆங்கிலம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். ஐந்து சொல்லுக்கு மேல் முட்டினால் அதைத் தனியாகப் படிக்கக் கொடுக்காமல் நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

எட்டு, ஒன்பது வயதுக்கு 'இயர்விக் அண்ட் த விட்ச்' (2011) போதும். மெல்லிய புத்தகம், படங்களும் உண்டு. பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' (1986) நல்ல தொடக்கம். மொத்தம் 21 அத்தியாயங்கள். ஒன்றைச் சத்தமாக வாசிக்க ஏறக்குறைய அரை மணி நேரம் பிடிக்கும். இடையிடையே தமிழில் சொல்லிக்கொண்டே போனால் முக்கால் மணி. மே மாத மதியத்தில் சேலத்து வெயிலுக்கு யாரும் வெளியே இறங்கப் போவதில்லை, நாளுக்கு ஒரு அத்தியாயம் என்று வைத்தால் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். ஏற்காட்டுக்குப் போகிற பஸ்ஸில் மட்டும் வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே போனால் வாந்தி நிச்சயம். மேலே போய் இறங்கி உட்கார்ந்து படிக்கட்டும்.

தொடங்கும் முன், கடைசி ராஜகுமாரன் ஜெயிக்கிற நம்மூர்க் கதை ஒன்றைச் சொல்லுங்கள். மூன்று பெண்களில் மூத்தவளாய்ப் பிறந்த தனக்கு எதுவும் உருப்படாது என்று நாயகி சோஃபி நம்புகிறாள். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் முழுக் கதையும் நகர்கிறது. பிள்ளைகள் குழம்புகிற முதல் இடம் தங்கைகள். லெட்டியும் மார்த்தாவும் மந்திரத்தால் உருவம் மாற்றிக்கொள்கிறார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அதையே பக்க அடையாளமாக வைத்துவிடுங்கள். வாசற்கதவுக் குமிழின் நான்கு நிறங்களையும் (பச்சை, சிவப்பு, நீலம், கறுப்பு) அதிலேயே குறித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நிறத்துக்கும் கதவு வேறோர் இடத்தில் திறக்கும். கதை பாதியைத் தொடும்போது ஜான் டன் எழுதிய ஓர் ஆங்கிலக் கவிதை வருகிறது. அதன் வரிகள் ஒவ்வொன்றாகப் பலிக்கும் என்பதால், அந்தக் கவிதையை நீங்கள் முன்கூட்டியே ஒரு தடவை படித்துவைப்பது அவசியம்.

இந்த நாவலை வைத்து 2004இல் வந்த ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் போரை எதிர்பார்ப்பார்கள். நாவலில் அதற்கு அவ்வளவு இடமில்லை, முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இவர் முடிச்சுகளை எல்லாம் கடைசியில் ஒரே மூச்சில் அவிழ்ப்பார். வேகமாய்ப் படிக்கிறவர்கள் அங்கேதான் "புரியல" என்று மூடிவைக்கிறார்கள். கடைசி இரண்டு அத்தியாயங்களை மறுநாள் நிதானமாய் இன்னொரு முறை வாசியுங்கள். முன்னால் சாதாரணமாய்த் தெரிந்த வரிகளுக்கு அப்போதுதான் பொருள் விளங்கும். அந்தச் சந்தோஷத்துக்காகவே இவரைப் படிக்கலாம்.

அடுத்து 'சார்ம்டு லைஃப்' (1977). அற்புதமான புத்தகம், ஆனால் தொடக்கத்திலேயே கப்பல் விபத்தில் பெற்றோர் இறந்துபோகிறார்கள். வீட்டில் அண்மையில் துக்கம் நடந்த பிள்ளைக்குத் தள்ளிப்போடுங்கள். 'த லைவ்ஸ் ஆஃப் கிறிஸ்டோபர் சான்ட்' (1988) அதற்கு முந்தைய காலத்துக் கதை. ஆனாலும் பின்னால் படித்தால்தான் சுவை. 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' கதையின் தொடர்ச்சியான 'காசில் இன் தி ஏர்' (1990) கொடுக்கும்போது நாயகன் அப்துல்லா என்னும் கம்பள வியாபாரி என்று சொல்லிக் கொடுங்கள். சோஃபியைத் தேடிக்கொண்டே படித்தால் பாதியில் சலிப்பு வந்துவிடும்.

'ஃபயர் அண்ட் ஹெம்லாக்' (1985) பதினான்கு வயதுக்குக் கீழே வேண்டாம். பழைய ஸ்காட்லாந்து நாட்டுப்புறப் பாடல்களின் மேல் கட்டிய நாவல் அது. அதன் முடிவைப் பற்றிப் பெரியவர்களே இன்னும் விவாதிக்கிறார்கள்.