காவடி நாளில் நாடி பாருங்கள்: உணர்ச்சி உடம்புக்குள் அடங்குமா?

பயம், பக்தி, பரவசம் எல்லாம் உடம்பு செய்யும் வேலைதானா? இதை வாய்ச்சண்டையாக்காமல் அளந்து பார்க்க மொரீஷியஸ் தமிழர்களுக்குத் தைப்பூசம் நல்ல வாய்ப்பு. கடிகாரமும் ஒரு நோட்டும் போதும்.

எதைச் சோதிக்கிறீர்கள் என்பதை முதலில் எழுதுங்கள். "உணர்ச்சி வந்தால் உடம்பு மாறுகிறது" என்பது ஒன்று. "அந்த மாற்றம்தான் உணர்ச்சி, வேறொன்றும் இல்லை" என்பது வேறு. உடலின் மாறுதலை உணர்வதே உணர்ச்சி என்று 1884-இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் சொன்னது இரண்டாவதற்கு நெருக்கம். முதலாவதை நிரூபித்துவிட்டு இரண்டாவதையும் வென்றதாக நினைப்பவர்கள்தான் அதிகம்.

விரத நாட்களில் மூன்று காலை, உட்கார்ந்தபடி நாடி எண்ணுங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கட்டைவிரலால் தொட்டால் அதன் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். ஸ்மார்ட் வாட்ச் கட்டினால் பட்டை இறுக்கமாக இருக்கட்டும். வியர்வையில் நழுவினால் நடையின் தாளத்தையே இதயத் துடிப்பாகக் காட்டும்.

பலர் விட்டுவிடும் படி அடுத்தது. வேறொரு நாள் அதே வெயில் நேரத்தில், காவடியின் எடையுள்ள அரிசிப் பையைச் சுமந்து அதே வழியில் நடங்கள். காத்ர் போர்னில் மலைக்கோயிலுக்குப் போகிறவரானால் அதே படிகளை ஏறுங்கள். சூடு, தாகம், ஏற்றம் மூன்றுமே நாடியை உயர்த்தும். இந்தக் கணக்கு கையில் இல்லாவிட்டால், பக்தியால் ஏறியது எவ்வளவு, படியால் ஏறியது எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது.

காவடியன்று அளப்பவர் கூட வருபவராக இருக்கட்டும். அலகு குத்துமுன், பாதி வழியில், சன்னிதியில், இறக்கியபின் என்று நான்கு முறை. ஒவ்வொரு முறையும் பயம், வலி, மகிழ்ச்சிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்டுவிட்டுத்தான் நாடியைத் தொட வேண்டும். எண்ணைப் பார்த்தபின் கேட்டால் பதிலும் எண்ணின் பின்னாலேயே போகும்.

அலகுக்கு முன் பயத்தில் 130, சன்னிதியில் ஆனந்தத்தில் அதே 130 வந்தால், உணர்ச்சியும் இதய வேகமும் ஒன்றே என்ற வாதம் விழுந்தது. 1927-இல் உடலியல் அறிஞர் வால்டர் கேனன் ஜேம்ஸை மறுத்ததும் இப்படித்தான்: வெவ்வேறு உணர்ச்சிகளிலும் உள்ளுறுப்புகளின் மாற்றம் ஒன்றுபோலவே இருக்கிறது. ஆனால் "அப்படியானால் மனம் உடம்புக்கு வெளியே" என்று தாவாதீர்கள். மூளையை நீங்கள் அளக்கவே இல்லை. இரண்டு 130-களின் வித்தியாசம் அங்கே இருக்கலாம். மணிக்கட்டால் அந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

மொரீஷியஸ் காவடியைப் பற்றி 2019-இல் வெளியான ஆய்வும் உடலில் கட்டிய கருவியின் அளவையும் அவரவர் சொன்ன பதிலையும் தனித்தனியாகத்தான் எடுத்தது. அன்று உடல் கடும் அழுத்தம் காட்டியது. பின்னர், அதிகம் வேதனைப்பட்டவர்களே தங்கள் நலம் கூடியதாகச் சொன்னார்கள்.

இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி அவ்வளவாக ஏறாது. சோதனைக்காக மாத்திரையை நிறுத்தவே கூடாது. நாடி 75, பயம் 8 என்று நோட்டில் அவருக்கு வந்தால் அந்த வரியைத் தனியாகக் குறித்து வையுங்கள். ஜேம்ஸின் கட்சிக்காரர் முதலில் பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான்.