கடல் சூடும் நச்சுப்பாசியும்: கூண்டு மீன்காரர்கள் செய்யும் தவறுகள்

பாசி பெருகினால் கடல் கூண்டில் வளர்க்கும் மீன் மொத்தமாகச் செத்துப்போகும். போன வாரம் மலேசியாவின் பினாங்கில், புக்கிட் தம்புன் படகுத்துறையில் ஒரு தம்பி சொன்னான்: "அண்ணே, நல்ல மழை பேஞ்சிருச்சு. தண்ணி குளுந்துருச்சு. இனிமே பாசிக்குப் பயப்பட வேணாம்." நிபோங் திபால் தோட்டத்துப் பிள்ளை. செம்பனைக் குலை வெட்டுவதை விட்டுவிட்டுச் சியாக்காப் (கொடுவா) மீன் வளர்க்க வந்து எட்டு மாதம் ஆகிறது. அதே துறையில் நின்று அதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். வலை கழுவுவது, தீனி அளப்பது எல்லாம் தானாகவே பழகிவிடும்; அதற்குள் நான் போகவில்லை.

தண்ணீர் குளிர்ந்தால் ஆபத்து போய்விட்டது என்று நினைப்பது

இந்தத் தவறு என் இரண்டு கூண்டு மீனைக் கொண்டுபோனது. இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. அப்போது மூன்று வாரமாகக் காற்றில்லாத வெயில். மேல்தண்ணீர் 31 டிகிரி. பயந்து தீனியைக் குறைத்திருந்தேன். அப்புறம் இரண்டு நாள் கனமழை. தெர்மாமீட்டர் 29 காட்டியதும் நிம்மதியாகப் பழையபடி தீனி போட்டேன். ஐந்தாம் நாள் விடியற்காலை போய்ப் பார்த்தால், மீன்கள் வாயை மேலே நீட்டிக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. வாளியில் மொண்ட தண்ணீர் தேயிலைச் சாயம்போல இருந்தது, விரலில் வழவழத்தது. வெளிச்சம் வருவதற்குள் கூண்டெல்லாம் வெள்ளை வயிறு.

சூட்டில் பாசி வேகமாகப் பெருகும் என்பது சரிதான். ஆனால் சூடு செய்கிற பெரிய வேலை, கடலை அடுக்காகப் பிரிப்பது. சூடான தண்ணீர் லேசு, அது மேலே; குளிர்ந்தது கனம், அது கீழே. காற்று அடிக்காவிட்டால் இரண்டும் கலக்காது. நீந்த முடியாத டயாட்டம் பாசி மெல்ல அடியில் இறங்கிவிடும். டைனோஃபிளாஜெல்லேட் வகைக்குச் சாட்டைபோல இழை உண்டு. பகலில் வெளிச்சம் தேடி மேலே வரும், இரவில் உரச்சத்து தேடிக் கீழே போகும். நச்சுப்பாசிகளில் பல இந்த வகைதான்.

மழை அந்த அடுக்கைக் கலைத்துவிட்டது என்று நம்பினேன். உப்புத் தண்ணீரைவிட ஆற்றுத் தண்ணீர் லேசு. அது மேலே பரவி இன்னொரு மூடியைப் போட்டது. கூடவே தோட்டத்து உரமும் ஊர்ச் சாக்கடையும் இறங்கி வந்தன. மறுநாளே வெயில். பாசிக்கு வேறென்ன வேண்டும்? இரவில் பாசியும் மூச்சுக்கு ஆக்ஸிஜனை இழுக்கும், சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும், வயிறு நிறைந்த மீனுக்கோ ஆக்ஸிஜன் அதிகம் தேவை. மூன்றும் விடியலில் வந்து சேர்ந்தன.

அந்தத் தம்பியை அப்படியே கூண்டுக்குக் கூட்டிப்போனேன். கயிற்றில் தெர்மாமீட்டரைக் கட்டி இறக்கினோம். மேலே 28.6, மூன்று மீட்டர் கீழே 30.1. குளிர்ந்தது மேலே, சூடு கீழே! மேலே கிடப்பது நன்னீர் என்பதால்தான் அது கீழே இறங்காமல் நிற்கிறது. இரண்டு ஆழத்தில் சூட்டையும் உப்பையும் பாருங்கள். விடியலில் ஆக்ஸிஜன் பாருங்கள். மழைக்குப் பிறகு பத்து நாளாவது தீனியைக் குறைத்தே போடுங்கள்.

வேறு கடலின் கதையை இங்கே கொண்டுவருவது

எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் காலம்) என்றாலே ஒரே பாடமாகச் சொல்கிறார்கள். 2016 தொடக்கத்தில் சிலியில் மழை குறைந்து, வெயில் ஏறி, பாசி பெருகி, சுமார் 40,000 டன் சால்மன் செத்தது. அங்கே மழை இல்லாமல் வந்தது. எனக்கு மழையோடு வந்தது. 2015இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் பசிபிக் வழக்கத்தைவிடச் சூடாகக் கிடந்தது. அந்தச் சூட்டில் காத்திருந்த பாசிக்கு, ஆழத்திலிருந்து மேலெழுந்த குளிர்ந்த தண்ணீர்தான் உரம் கொடுத்தது. பாசியின் நஞ்சு நண்டிலும் சேர்ந்ததால், கலிபோர்னியாவில் நவம்பரில் தொடங்க வேண்டிய நண்டு பிடிக்கும் பருவம் 2016 மார்ச் வரை தள்ளிப்போனது. நம் மலாக்கா நீரிணை ஆழமில்லாதது. கரையோரத்தில் நமக்கு உரம் கொண்டுவருவது ஆறுகள். அவற்றைக் கவனியுங்கள்.

சாட்டிலைட் படத்தை மட்டும் நம்புவது

அது பார்ப்பது கடலின் மேல்தோலை. மேகம் மூடினால் அதுவும் இல்லை.

நிறம் மாறினால்தான் விஷம் என்பது

தண்ணீர் தெளிவாக இருக்கும்போதே சிப்பியில் பாசியின் நஞ்சு சேரலாம். 2001இல் கிளந்தான் தும்பாட்டில் லோக்கான் என்ற சிப்பியைச் சாப்பிட்டவர்களுக்கு நஞ்சேறி ஓர் உயிர் போனது.

வேகவைத்தால் போதும் என்பது

போதாது. சாக்ஸிடாக்ஸின் என்ற பாசி நஞ்சு கொதிக்கிற தண்ணீரிலும் அழியாது.