ஃபோர் வீல் டிரைவ் வண்டி: பெட்ரோலா, டீசலா? படிப்படியாக முடிவெடுக்கும் முறை

நான்கு சக்கரமும் இழுக்கும் பெரிய ஃபோர் பை ஃபோர் வண்டி வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அடுத்த வாக்கியம் பெரும்பாலும் "பெட்ரோல் எடுக்கலாமா, டீசல் எடுக்கலாமா?" என்பதாகத்தான் இருக்கும். வீட்டு வண்டியை மாற்றியபோது இதே கேள்வியோடு நானும் கொஞ்ச நாள் அலைந்தேன். எங்கள் வீடு பொள்ளாச்சியில். தோப்புக்குத் தினமும் போய்வர வேண்டும், வாரம் ஒருமுறை கோயமுத்தூர், அவ்வப்போது வால்பாறை. அந்த அலைச்சலில் தெளிவானதை வரிசையாக எழுதுகிறேன். டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுப்பது), ஃபோர் லோ (அதுவே மெதுவாக, அதிக இழுவையோடு) பற்றியெல்லாம் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருடத்தில் ஒருமுறை போகும் மலைப்பயணத்தை மனதில் வைத்து என்ஜினைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தினசரி ஓட்டம் எப்படியோ அப்படித்தான் என்ஜின் அமைய வேண்டும்.

படி 1: அந்த வண்டியில் இரண்டும் கிடைக்கிறதா?

பலர் இதைப் பார்ப்பதே இல்லை. இந்தியாவில் விற்கும் பெரிய வண்டிகளில் பெட்ரோல் என்ஜினும் ஃபோர் பை ஃபோரும் ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம். ஃபார்ச்சூனரில் 2.7 லிட்டர் பெட்ரோல் என்ஜின் இருக்கிறது. ஆனால் அது பின்சக்கர இயக்கம் மட்டும். நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும் என்றால் 2.8 லிட்டர் டீசல்தான். ஸ்கார்ப்பியோ என், தார் ராக்ஸ் இரண்டிலும் இதே கதை: பெட்ரோல் என்ஜின் உண்டு, ஃபோர் பை ஃபோர் டீசலில் மட்டும். ஃபோர்ஸ் கூர்க்கா முழுக்க டீசல். ஜிம்னி முழுக்க பெட்ரோல், ஆனால் அதைப் பெரிய வண்டி என்று சொல்ல முடியாது. மூன்று கதவு தாரில் 2 லிட்டர் பெட்ரோல், 2.2 லிட்டர் டீசல் இரண்டுமே ஃபோர் பை ஃபோருடன் வருகின்றன.

வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியவர்கள் அங்கே ஓட்டிய பெட்ரோல் லேண்ட் குரூசர் இங்கே கிடைக்குமா என்று கேட்பார்கள். இங்கே லேண்ட் குரூசர் 300 வந்தது 3.3 லிட்டர் டீசலில்தான்.

அதனால் முதலில் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது, நான்கு சக்கர இழுவை உண்மையிலேயே தேவையா என்பதுதான். மழை பெய்த மறுநாள் எங்கள் தோப்புப் பாதையில் பின்சக்கர வண்டி நின்ற இடத்திலேயே சேற்றை வாரி இறைக்கும். எனக்குத் தேவை இருந்தது. நகரத்திலேயே ஓட்டி, விடுமுறைக்கு ஊட்டி போய் வருகிறவருக்குத் தேவை இல்லை. அவர் பின்சக்கர பெட்ரோல் வண்டியைத் தாராளமாக எடுக்கலாம்.

படி 2: ஒரு மாத ஓட்டத்தை எழுதி வையுங்கள்

இப்போது கையில் இருக்கும் வண்டியிலேயே இதைச் செய்யலாம். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், நடுவில் நிறுத்தி நிறுத்திப் போனீர்களா, ஒரே வேகத்தில் போனீர்களா என்று குறியுங்கள். இதற்கு நிறைய செயலிகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது டேஷ்போர்டில் கிடக்கும் ஒரு பாக்கெட் டைரியும் பேனாவும்தான். வீட்டில் வேறு யார் ஓட்டினாலும் அதிலேயே எழுதிவிடலாம்.

மைலேஜுக்கு மீட்டரில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். பங்க்கில் முதல் ஆட்டோ கட் வரை, அதாவது குழாய் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். ஓட்டுங்கள். அதே பங்க்கில் மறுபடி முதல் ஆட்டோ கட் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். அதுதான் நிஜம்.

படி 3: கணக்கு

இது சுலபம், சீக்கிரம் முடித்துவிடலாம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 92.50 என்று வைத்துக்கொள்வோம். பெரிய வண்டி பெட்ரோலில் 9 கிலோமீட்டரும் டீசலில் 13 கிலோமீட்டரும் தருவதாகக் கொள்வோம். பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு 11.22 ரூபாய், டீசலுக்கு 7.12. வித்தியாசம் 4.10. டீசலின் கூடுதல் சர்வீஸ் செலவுக்கு 50 பைசா கழித்தால் 3.60 மிச்சம்.

ஆன் ரோடு விலையில் டீசல் ஒன்றரை லட்சம் அதிகம் என்றால், அதை 3.60-ஆல் வகுங்கள். ஏறக்குறைய 41,700 கிலோமீட்டர் ஓடினால்தான் போட்ட பணம் திரும்பும். வருடத்துக்கு 8,000 ஓட்டுகிறவருக்கு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். 20,000 ஓட்டுகிறவருக்கு இரண்டு வருடம் சொச்சம். உங்கள் ஊர் விலையையும் உங்களுக்கு வந்த கொட்டேஷனையும் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் சாலை வரி வண்டி விலையின் சதவீதமாகக் கட்டுவது, அதனால் ஷோரூம் விலையில் இருக்கும் வித்தியாசம் ஆன் ரோடு விலையில் இன்னும் பெருகும். லோன் போட்டால் வட்டியும் சேரும்.

பலர் இந்தக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். அடுத்த படியைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

படி 4: டிபிஎஃப் (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி)

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். நான் போன ஒரு ஷோரூமில் இதைப் பற்றிக் கேட்டபோது, "அதெல்லாம் தானா கிளீன் ஆயிடும் சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். தானாகத்தான் சுத்தமாகும், உண்மைதான். ஆனால் அதற்கு நாம் ஓட்டும் விதம் ஒத்துழைக்க வேண்டும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு, இந்த அளவு டீசல் வண்டிகளின் சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்ற வடிகட்டி வந்துவிட்டது. புகையில் இருக்கும் கரித்தூளைப் பிடித்து வைப்பது அதன் வேலை. விறகடுப்புப் புகைபோக்கியில் கரி அடைவது போல அதுவும் அடையும். அதை எரித்துத் தள்ளுவதற்குப் பெயர் ரீஜெனரேஷன். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது புகையின் சூட்டிலேயே கொஞ்சம் எரிந்துவிடும். அது போதாதபோது, வண்டியின் கம்ப்யூட்டர் கூடுதலாக டீசலைத் தெளித்து, வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எரிக்கும். முழுதாக முடிய 10 முதல் 20 நிமிடம் வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இது நடக்கும்போது பல வண்டிகளில் எந்த விளக்கும் எரியாது. ஆனால் கவனித்தால் தெரியும். சிக்னலில் நிற்கும்போது வழக்கமாக 750-ல் நிற்கும் ஆர்பிஎம் முள் (என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டுவது) 1000 பக்கம் போய் நிற்கும். அந்த நேரத்து மைலேஜ் காட்டும் பட்டை திடீரென்று இறங்கும். வண்டியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சத்தமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். இறங்கி அருகே போனால் அடியிலிருந்து சூடான இரும்பு வாடை வரும். அப்படி இருந்தால் எரிப்பு பாதியில் நின்றுவிட்டது என்று அர்த்தம். காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தியிருந்தால் உடனே நகர்த்துங்கள்.

ஒருநாள் பாதியில் நின்றால் ஒன்றும் ஆகாது. தினமும் நான்கைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டி, தினமும் பாதியில் அணைத்தால்தான் வம்பு. கரி ஏறிக்கொண்டே போகும். விளக்கு எரியும். அதையும் கண்டுகொள்ளாவிட்டால் வண்டி இழுக்காது, சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை இணைத்து எரிக்க வேண்டியிருக்கும். அதிலும் சரியாகாவிட்டால் வடிகட்டியையே மாற்ற வேண்டும், அதற்கு ஆகும் தொகை பெரியது. இன்னொரு பக்கம், எரிப்புக்காகத் தெளித்த டீசலில் கொஞ்சம் என்ஜின் ஆயிலில் இறங்கிக் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் கூடிக்கொண்டே போனால் இதுதான் காரணமாக இருக்கும். உடனே ஆயில் மாற்றுங்கள். சாம்பல் குறைவான, கையேட்டில் சொன்ன தரமுள்ள ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். வெளியே மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு எதையும் ஊற்றாதீர்கள்.

இப்போது படி 2-ல் எழுதிய டைரியை எடுங்கள். வாரத்தில் ஒருமுறையாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓடும் பயணம் அதில் இருக்கிறதா? எங்களுக்குத் தோப்பு ஓட்டம் எல்லாமே குட்டி ஓட்டம்தான். ஆனால் வாராவாரம் கோயமுத்தூர் நான்கு வழிச்சாலையில் நாற்பது கிலோமீட்டர் போக, நாற்பது வர. டிபிஎஃப்புக்கு அது போதும். அதனால் டீசல் எடுத்தோம். சென்னை வேளச்சேரியில் இருக்கும் என் மச்சானுக்கு ஆபீஸ் ஆறு கிலோமீட்டர், அதுவும் டிராஃபிக்கில் ஊர்ந்து. நெடுஞ்சாலைக்கு வருவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும். அவரைப் பெட்ரோல் எடுக்கச் சொன்னேன்.

டீசல் எடுப்பவர்கள் ஒரு ஓபிடி ஸ்கேனர் வாங்கி வையுங்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் இருப்பதைப் படித்து, புளூடூத்தில் போனுக்கு அனுப்பும் சின்ன கருவி. வண்டி அனுமதித்தால், கரி எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது, கடைசியாக எப்போது எரிந்தது என்று செயலியிலேயே தெரியும். மிக மலிவான போலிகளில் பாதி இணைவதே இல்லை, கொஞ்சம் கூடக் கொடுத்து நல்லதாக வாங்குங்கள். சில வண்டிகளில் நாமே எரிப்பைத் தொடங்க சுவிட்ச் இருக்கும், டெலிவரியின்போது அதைக் காட்டச் சொல்லுங்கள். புகையைச் சுத்தம் செய்ய டிஇஎஃப் என்ற யூரியா கரைசல் ஊற்ற வேண்டிய வண்டியா என்பதையும் கேளுங்கள். அது தீர்ந்து போனால் அணைத்த வண்டி மறுபடி கிளம்பாது.

படி 5: ஓட்டிப் பாருங்கள், மேட்டில்

"மலைக்கு டீசல்தான்" என்பது பழைய பேச்சு. முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. தார் மேனுவலை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலில் 300 நியூட்டன் மீட்டர் இழுவை 1250 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. டீசலில் அதே 300 கிடைப்பது 1600-லிருந்து. டர்போ பெட்ரோல் அந்த அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் ஃபார்ச்சூனரில் நிலைமை வேறு. டர்போ இல்லாத அந்த 2.7 பெட்ரோல் தருவது 245, டீசல் ஆட்டோமேட்டிக் தருவது 500. ஏழு பேரும் சாமானும் ஏறி ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால், பெட்ரோல் கத்திக்கொண்டே ஏறும். அதனால் பெட்ரோல், டீசல் என்று பொதுவாகப் பார்க்காமல், அந்த வண்டியின் இழுவை எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்று பாருங்கள்.

டீசலுக்கு இன்னும் ஒரு பலம் உண்டு. ஃபோர் லோ போட்டு மணிக்கணக்கில் ஊர்ந்தாலும் அது குறைவாகத்தான் குடிக்கும். பெட்ரோல் என்ஜின் காற்று வரும் வழியைப் பாதி மூடிக்கொண்டுதான் மெதுவாக ஓடும், அதில் சக்தி வீணாகிறது. டீசலில் அந்த வீணடிப்பு மிகக் குறைவு. காட்டுப்பாதை ஓட்டம் அதிகம் உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம், அடுத்த பங்க் எங்கே என்று தேட வேண்டியதில்லை.

டெஸ்ட் டிரைவில் நீளமான நேர் ரோடு வேண்டாம். மேட்டில் நிறுத்தி எடுங்கள். ஸ்பீடு பிரேக்கரை இரண்டாவது கியரில் ஏற்றிப் பாருங்கள், டர்போ எழும்ப எவ்வளவு நேரமாகிறது என்று தெரியும். பிறகு ஏசி போட்டு, கண்ணாடி ஏற்றி, சும்மா நில்லுங்கள். டீசலின் அதிர்வு ஸ்டியரிங்கில் வருகிறதா, வீட்டில் பெரியவர்களுக்கு அது சரிப்படுமா என்று கேளுங்கள்.

தண்ணீரில் இறங்குவது பற்றி: டீசலில் ஸ்பார்க் பிளக் இல்லை, அதனால் வெள்ளத்தில் பயமில்லை என்று நினைக்கிறார்கள். காற்று உறிஞ்சும் குழாய்க்குள் தண்ணீர் போனால் இரண்டுமே போச்சு. டீசலில் கம்ப்ரஷன் அதிகம், அடி இன்னும் பலமாக விழும். தண்ணீரில் அணைந்த வண்டியை எந்தக் காரணம் கொண்டும் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பிற்சேர்க்கை: இ20 பெட்ரோல்

இதைப் படித்த சிலர், இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்தபிறகு கணக்கு மாறுமா என்று கேட்டார்கள். மாறும், கொஞ்சம். எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதில் 20 சதவீதம் கலக்கும்போது மைலேஜ் சில சதவீதம் இறங்கத்தான் செய்யும். படி 3-ல் பழைய விமர்சனங்களில் இருக்கும் பெட்ரோல் மைலேஜைப் போடாமல், இப்போது ஓட்டுகிறவர்கள் சொல்வதைப் போடுங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் வண்டி என்றால், இ20-க்கு ஏற்றதா என்று கையேட்டிலும் பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரிலும் பாருங்கள்.

பிற்சேர்க்கை: டெல்லி வண்டிகள்

டெல்லிப் பக்கம் பத்து வருடம் தாண்டிய டீசலுக்கு வந்த கட்டுப்பாடுகளால் அங்கிருந்து பழைய ஃபார்ச்சூனர்கள் குறைந்த விலைக்கு இறங்கி வந்தன. எடுக்கலாமா என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பத்து வருடக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், இங்கே மறுபதிவு செய்து வரி கட்ட வேண்டும். வண்டி விலையோடு இதையும் கூட்டிய பிறகு, இங்கேயே கிடைக்கும் வண்டியோடு ஒப்பிடுங்கள். எந்த ஊர் செகண்ட் ஹேண்ட் டீசலானாலும், பத்து வருடம் ஆகாத பிஎஸ்6 வண்டியாக இருந்தால் பணம் கொடுக்கும் முன் ஓபிடி கருவியை மாட்டி டிபிஎஃப் நிலவரத்தைப் பாருங்கள், டிப்ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்கள். டிபிஎஃப்பைக் கழற்றிவிட்டோம், இனி தொல்லையே இல்லை என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால் அந்த வண்டி வேண்டாம். அது சட்டத்துக்குப் புறம்பானது, அந்தக் கரும்புகை நம் தெருப் பிள்ளைகளின் நுரையீரலுக்குத்தான் போகும்.