ஜாடியின் அடியில் திரும்பத் திரும்பப் பூத்த உப்பு

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினருக்கு ரம் அனுப்பப் பயன்பட்ட, தோளில் ‘எஸ்.ஆர்.டி.’ முத்திரை கொண்ட கல்ஜாடி (சுட்ட களிமண்ணால் ஆன ஸ்டோன்வேர் ஜாடி) ஒன்று கோவை உக்கடத்தில் பழைய பொருட்களுக்கிடையே எனக்குக் கிடைத்தது. ஏதோ ஒரு வீட்டில் வெகுகாலம் ஊறுகாய் ஜாடியாக இருந்ததை அதன் வாசனையே சொன்னது. அடிவிளிம்பில் வெள்ளைத் தூள் பூத்தது; துடைத்தால் மறைந்து, காய்ந்ததும் மீண்டும் வந்தது.

சுண்ணப் படிவாக இருக்கலாம் என்று வினிகர் தடவியதில் பயனில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரில் ஊறவைத்ததும் பூப்பு கூடியது. எங்கள் பக்கத்து நிலத்தடி நீரே உப்பு மிகுந்தது.

பலரும் கவனிக்கத் தவறுவது தூள் பூக்கும் இடத்தை. மெருகு, அதாவது கண்ணாடி போன்ற மேற்பூச்சு, பூசிய பரப்பில் அது எங்கும் இல்லை. மெருகற்ற அடிவிளிம்பிலும், கைப்பிடியருகே இருந்த மயிரிழை விரிசலிலும் மட்டுமே இருந்தது. வினிகர் பட்டு நுரைக்காத அத்தூள், ஒரு சொட்டு நீரில் முழுவதும் கரைந்தது. ஆகவே அது சுண்ணம் அன்று, விரிசல் வழியே உள்ளே ஊறிய ஊறுகாய் உப்பு.

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஜாடியை முழுவதும் மூழ்கவைத்து, நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் அளவு ஏறி நின்றபோதெல்லாம் நீரை மாற்றி, புது நீரிலும் அளவு ஏறாத நிலை வரும்வரை தொடர்ந்தேன். பிறகு வெயில் படாமல் நிழலில் மெல்ல உலர்த்தினேன். வேகமாக உலர்ந்தால் எஞ்சிய உப்பு படிகமாகி மெருகைப் பெயர்த்துவிடும். பொன்வேலைப்பாடோ பசை ஒட்டோ உள்ள பாத்திரங்களுக்கு இம்முறை ஆகாது. இப்போது பூப்பு இல்லை, பெரும் நிம்மதி.