லண்டன் டாக்டரும் டெல்லி பார்சலும்

மதுரை சிம்மக்கல்லில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பணம் அனுப்ப வருகிறவர்களிடம் "யாருக்குக்கா?" என்று கேட்டுவிடுவேன். ஆன்லைனில் பழக்கமான லண்டன் டாக்டர் என்றால் அவர் போட்டோவை கூகுள் லென்ஸில் (படத்தை வைத்து நெட்டில் தேடும் வசதி) போட்டுப் பார்க்கச் சொல்வேன். வேறு பெயரில் அதே முகம் வந்தால் ஆள் மோசடிக்காரர், கதை முடிந்தது. வராவிட்டாலும் நம்பிவிடாதீர்கள், வீடியோ காலில்கூட இப்போது முகத்தை மாற்றுகிறார்கள்.

அப்புறம் அந்தப் பார்சல். நகையும் பவுண்டு நோட்டும் அனுப்பினாராம், டெல்லி ஏர்போர்ட் சுங்கத்தில் மாட்டிக்கொண்டதாம், வரி கட்டச் சொல்லி ஒரு பெண் போனில் மிரட்டுவாள். சுங்கத்துறை யாருடைய சொந்தக் கணக்குக்கும் பணம் போடச் சொல்லாது. ஒருமுறை கட்டினால் அடுத்து அபராதம், அதற்கடுத்து சான்றிதழ் என்று நீளும்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்புண்டு. கோபத்தில் சாட் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.